கார்த்திகை தீபத்துக்குள் ₹98,500 வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்ப் பிழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சிந்தசைசர் (கணினியிலேயே ஓசை உண்டாக்கி வாசிக்கும் மென்பொருள்) எழுதும் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். கையில் பணம் தீர்ந்துவிட்டது. ஐப்பசிக் கடைசி நாளுக்குள் பாக்கித் தொகை சேர்ந்துவிட வேண்டும் என்று போன கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். அன்று மயிலாடுதுறையில் காவிரி நீராடும் கடைமுகம் வந்து போய்விட்டது, பணம் வரவில்லை. அங்கே துலாக் கட்டப் படித்துறைக்கு நாளோடு வந்துசேர முடியாத முடவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியையும் கொடுத்தார் அந்த ஊர்ச் சிவன் மாயூரநாதர். அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். நாங்கள் கார்த்திகை தீபம் வரை நாள் தருகிறோம்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக மறுபடியும் ஒரு முறை. லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) கணினியில் இசை செய்பவர்களுக்காக ஓர் எளிய சிந்தசைசர் பிளக்இன் எழுதுகிறோம். எல்வி2 என்ற செருகு வகை; ஆர்டர் (Ardour), க்யூடிராக்டர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்களுக்குள் செருகிக்கொள்ளலாம். ஓசை எழுப்பும் ஆசிலேட்டர் இரண்டு, அதை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று, ஓசை எழுந்து அடங்குவதை ஆளும் என்வலப் ஒன்று, அவ்வளவுதான் உடம்பு. உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. தோடி ராகத்தின் காந்தாரத்தை ('க' சுரத்தை) அதில் ஒரு கட்டையாக அழுத்திப் பாருங்கள், தோடி அங்கே இருக்காது. அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்தால்தான் தோடி. சுரத்தை வளைக்கக் கீபோர்டில் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறதே என்பார்கள். அது வழக்கமாக மேலே 2, கீழே 2 அரைச்சுரம்தான் போகும். பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஒரு ஜாரு (வழுக்கிச் செல்வது) போட 5 வேண்டும். தூரத்தைக் கூட்டி வைத்தாலும், வளைவு எப்படி ஏறி எப்படி இறங்க வேண்டும் என்பது சக்கரத்துக்குத் தெரியாது. நம் பிளக்இன்னில் அந்த வளைவை வாசிப்பவரே வரைந்து வைத்துக்கொள்ளலாம். கட்டை சுருதியைத் தமிழிலேயே தேர்ந்தெடுக்கலாம். சட்ஜ பஞ்சமத்தை 3:2 என்ற சுத்தமான விகிதத்தில் ஒலிக்க, நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்துக் குழல் பெயரில் ஒரு 'ஒத்து' பொத்தான் உண்டு.

ஏன் லினக்ஸ்? 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை நம் தெருவிலேயே பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. புது விண்டோஸைத் தாங்காத அவற்றில் லினக்ஸ் ஓடுகிறது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதுதான்.

இதைச் செய்ய நீங்கள் யார் என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். நாங்கள் யாரா? நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள்; 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. காவிரிக் கரை நாணலில் அதன் ஊதுமுனையான சீவாளியைக் கட்டுகிறார்கள். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது திருவாரூரில். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்துச் சம்பாதித்த பணத்தைப் போட்டு, சுருதி எத்தனை என்று தீர்ப்பதற்காக 1912 முதல் வித்வான்களைக் கூட்டிக் கூட்டி மாநாடு நடத்தினார். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை குட்டை நாகஸ்வரமான திமிரியோடு நிற்காமல் நீளமான பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். ஒத்து ஊதிய இடத்தில் சுருதிப் பெட்டி வந்தது. புதுக் கருவியைப் பார்த்துப் பயந்த மண் இல்லை இது. இதை எழுதும்போதே செயலாளருக்கு மார்பு கொஞ்சம் விம்முகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலத்தெரு நாகஸ்வர வித்வான் ஐயா முதலில் எங்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். "கோயிலுக்குள்ள மோட்டார் மேளத்த வச்சு தவில்காரன் வயித்துல அடிச்சது போதாதா?" என்றார். நியாயமான கோபம். கல்யாணத்துக்குச் செண்டை மேளத்தைத் தேடிப் போகிறோம், நம் தவில்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதில்லை. அவர் ஒரு நிபந்தனை போட்டார்: நாகஸ்வர ஒலியைப் பதிவு செய்து உள்ளே வைக்கக் கூடாது, அந்தப் பெயரில் ஒரு பொத்தானும் இருக்கக் கூடாது. ஒப்புக்கொண்டோம். இப்போது மாதம் இரண்டு முறை வந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இழு, அவசரப்படாதே" என்று கணினிக்கே பாடம் சொல்கிறார்.

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்குப் படைத்துவிட்டுத் தொடங்கிய வேலை. முக்கால்வாசி முடிந்திருக்கிறது. புரட்டாசியில் ஒரு சிக்கல் வந்து இரண்டு வாரம் தின்றது. சுரத்தை அழுத்தும்போது ஒன்றுமில்லை. கையை எடுத்து ஓசை அடங்கும் நேரத்தில் பழைய மடிக்கணினி கரகரத்தது. ஓசை பூஜ்யத்தை நெருங்க நெருங்க எண்கள் அத்தனை பொடியாகி, அவற்றைக் கணக்கிடச் செயலி திணறியிருக்கிறது. அப்படிப்பட்ட பொடி எண்களை நேராகப் பூஜ்யமாக்கிவிடு என்று சில வரிகள் சேர்த்ததும் சரியானது. இப்போது விநாடிக்கு 48,000 ஒலித்துளி (சாம்பிள்) வேகத்தில், ஒரு தடவைக்கு 256 துளி பஃபரில், அதாவது ஏறக்குறைய 5.3 மில்லிவிநாடித் தாமதத்தில் சுத்தமாக வாசிக்கிறது.

இனிக் கணக்கு. மொத்த மதிப்பீடு ₹2,70,000. வந்தது ₹1,71,500. நிரல் எழுதும் தம்பி சென்னை வேலைக்குச் சம்பளமில்லா விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மாதம் ₹25,000 பேசினோம். அங்கே வாங்குவதில் பாதிகூட இல்லை. ஆடியை முழு மாதமாக எண்ணி, ஐப்பசிப் பாதி வரை மூன்றரை மாதத்துக்கு ₹87,500 கொடுத்தாயிற்று. சோதித்துப் பார்க்கப் பழைய மடிக்கணினி இரண்டு ₹28,000, கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்டு இரண்டு ₹19,000, கணினிக்கு ஒலியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ₹11,000. வித்வான்கள் மூவருக்கு 5 அமர்வுச் சன்மானம் ₹22,500. கரண்டு, டீ, ஆட்டோ ₹3,500. இருப்பு பூஜ்யம்.

வேண்டியது: தம்பிக்கு ஐப்பசிப் பாதியும் கார்த்திகை, மார்கழியும் சேர்த்து ₹62,500, இன்னும் 3 அமர்வு ₹13,500, தமிழ்க் கையேடு 300 பிரதி அச்சடிக்க ₹18,000, சில்லறைச் செலவு ₹4,500. பொங்கல் முடிந்ததும் அவன் சென்னைக்குத் திரும்பியாக வேண்டும். வளைவு வரையும் பகுதி இன்னும் பாக்கி. அது இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது இன்னொரு சாதாரண கீபோர்டு ஓசை.

கொடுத்தவர்களை எத்தனை முறை சொன்னாலும் தகும். குறுவை அறுத்த கையோடு, ஈரப்பதம் என்று கொள்முதலில் அலைக்கழிந்த அந்த நேரத்திலும், 2 மூட்டை நெல் விற்ற பணத்தைக் கொண்டுவந்து வைத்த வடக்குத்தெரு அண்ணனுக்கு நன்றி. செவ்வாய்க்கிழமை கூடும் மகளிர் குழு அக்காமார் 32 பேர், ஆளுக்கு ₹100. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் தம்பிகள் ஓவர்டைம் காசை அனுப்பினார்கள்; அவர்களில் ஒருவருக்கும் கணினியில் இசை வாசிக்கத் தெரியாது, "ஊர்ப் பேர் வருமில்ல" என்று மட்டும் கேட்டார்கள். வரும் தம்பி, முதல் பக்கத்திலேயே வரும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உண்டியலை உடைத்து ₹640 சில்லறையாகக் கொடுத்தான். எண்ண அரை மணி நேரம் ஆனது, பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவில் அடித்த கையோடு வந்து ₹500 வைத்த பெரியவர், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அம்பாள் அவர்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

"இலவசமாகக் கொடுக்கப்போவதற்கு எதற்கு வசூல்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டாராம். நம் தாத்தாக்கள் காலத்தில் குடிமராமத்து இருந்தது. வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள். வாய்க்கால் யாருக்கும் சொந்தமில்லை, தண்ணீர் எல்லோருக்கும் வரும். இந்த நிரலும் அப்படித்தான். ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுகிறோம்; யாரும் எடுக்கலாம், திருத்தலாம், ஆனால் திருத்தி வெளியே கொடுக்கிறவர் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும், மடை போட்டுத் தனக்கென்று அடைத்துக்கொள்ள முடியாது. ஆள் அனுப்பாத வீட்டுக்காரர் அன்றைக்கு மடையருகே எப்படி நின்றார் என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் 212 பேர் இருக்கிறோம். கொடுத்தவர்கள் 61 பேர். காலை வணக்கம் தவறாமல் வருகிறது.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் வீதிப் பொறுப்பாளரிடம் ஜிபே விவரம் கேட்டுக்கொள்ளலாம். ₹50 என்றாலும் ரசீது உண்டு.

தீபத்தன்று மாலை விளக்கேற்றிய பிறகு கோயில் மண்டபத்தில் கணக்கு வாசிக்கப்படும். கொடுத்தவர்கள் பெயர் ஒன்று விடாமல் வாசிப்போம். தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராதவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்கிறார். செயலாளருக்கு அதில் உடன்பாடு இல்லை.

இப்படிக்கு,
குழுவுக்காக, செயலாளர்