முதலில் பன்னிரண்டாவது, பிறகு பட்டம்

கோவில்பட்டி

அன்புள்ள செல்வத்துக்கு,

ஆவடியில் ஒரு படிப்பு மையத்தில் ஒரே வருஷத்தில் பி.ஏ. வாங்கித் தருகிறார்களாம், அடுத்த மாசம் பணம் கட்டப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். கட்டாதே. எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று நீ நினைப்பது நல்ல நினைப்புத்தான். ஆனால் உன் சர்டிபிகேட் கட்டின் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே ஒரு பட்டத்தை வைத்தால் அது அடைபடாது.

நீ படித்தது பத்தாவது, அதன் பிறகு இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை பார்த்தாய், பிறகு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு. காவலர் வேலைக்குப் பத்தாவது போதும் என்பதால் யாரும் பன்னிரண்டாவதைக் கேட்கவில்லை. எஸ்.ஐ.க்குப் பட்டம் வேண்டும், அந்தப் பட்டம் வரிசையாக வந்திருக்கவும் வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, அதன் மேல் பட்டம். பன்னிரண்டாவதுக்குப் பதில் மூன்று வருஷ டிப்ளமோ இருந்தாலும் சரி. இந்த வரிசை இல்லாத திறந்தவெளிப் பட்டம் அரசு வேலைக்கும் செல்லாது, பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009இல் அரசாணை எண் 107 போட்டார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் கழிந்துபோகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கழிகிறார்கள். பட்டம் வாங்கிவிட்டு அப்புறம் பன்னிரண்டாவது எழுதிக்கொள்ளலாம் என்று அந்த மையத்துக்காரர் சொன்னால் நம்பாதே. தேதி முன்பின்னாக இருந்தால் அதுவும் வரிசை மீறல்தான்.

உனக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதுவும் சட்டப்படியான வழி. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்து என்.டி.சி. என்கிற தேசியத் தொழிற்சான்று வைத்திருப்பவர், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளையும் தனித்தேர்வராக எழுதித் தேறினால், அது பன்னிரண்டாவதுக்கு இணை. கணக்கு, இயற்பியல் எல்லாம் வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இரு, விண்ணப்பிக்கச் சில நாள்தான் கொடுப்பார்கள். இணைச் சான்று கைக்கு வந்த பிறகுதான் பட்டப்படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் அனுமதி. வேலையில் இருந்துகொண்டு படிக்க, பட்டாலியன் தலைவரான தளவாயிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பன்னிரண்டாவது தேர்வுக்கு ஒரு மனு, பட்டப்படிப்புக்கு ஒரு மனு. பட்டாலியனில் உன் கம்பெனியின் ஆய்வாளர் பரிந்துரையோடு மேலே போகட்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எத்தனை வருஷம், அலுவலுக்கு இடையூறு வராது, படிப்பைக் காட்டித் தனிச்சலுகை கேட்கமாட்டேன் என்று நான்கு வரி எழுதினால் போதும். மனுவைக் கொடுத்துவிட்டு, "ஐயா பார்த்துக்கொள்வார்" என்று வந்துவிடாதே. நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கு. கம்பெனி திடீரென்று தேர்தல் பந்தோபஸ்துக்கு வெளிமாநிலம் கிளம்பினால் மனு மேசை அடியில் தங்கிவிடும். முத்திரை போட்ட நகல் இருந்தால்தான் திரும்பி வந்து அதைத் தேட முடியும். பட்டம் வாங்கியதும் அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல். அனுமதி ஆணை இல்லாத படிப்பை ஏற்ற மாட்டார்கள், விளக்கம் கேட்டு மெமோதான் வரும்.

தொலைநிலைப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்காதே. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்த வருஷத்துக்கு, அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார். பல்கலைக்கழகத்துக்கு இருக்கும், குறிப்பிட்ட பாடத்துக்கு இருக்காது. வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் இங்கே மையம் வைத்திருக்கிறது என்றாலே சந்தேகப்படு. சேர்க்கை ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. பாடம் உன் விருப்பம். பொதுஅறிவுத் தாளுக்கும் உதவுமென்பதால் வரலாறோ பொது நிர்வாகமோ எடு என்பேன். ஒரே வருஷத்தில் எவன் இளங்கலைப் பட்டம் தருவதாகச் சொன்னாலும் அவன் விற்பது வெறும் காகிதம்.

கணக்குப் போட்டுப் பார். உனக்கு இப்போது இரண்டு வருஷ சர்வீஸ். மொழித்தாளுக்கு ஒரு வருஷம், பட்டத்துக்கு மூன்று வருஷம், மொத்தம் ஆறு. எஸ்.ஐ. தேர்வில் காவல்துறையில் இருப்பவர்களுக்கு 20 சதவீதம் தனி ஒதுக்கீடு. கடந்த அறிவிக்கைகளில் அதற்கு ஐந்து வருஷ சர்வீஸ் கேட்டிருக்கிறார்கள். வயது இருந்தால் பொது ஒதுக்கீட்டிலும் சேர்த்து விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும், கயிறும் ஏற வேண்டும். படிக்காமல் சும்மா இருந்தால்? பத்து வருஷத்தில் நாயக், பதினைந்தில் ஹவில்தார், இருபத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. என்பதுதான் நெடுங்காலமாக இருந்த கணக்கு. அதுவும் ஒரு வாழ்க்கைதான், குறைத்துச் சொல்லவில்லை.

தேர்வில் முதல் பள்ளம் தமிழ்த் தகுதித் தாள். நூற்றுக்கு நாற்பது எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று கடைசி வாரம் வரை புரட்டாமல் விடுகிறவர்கள் இலக்கணத்தில் மாட்டுகிறார்கள். தமிழ்வழி முன்னுரிமை 20 சதவீதம் என்பதும் காதில் விழுந்திருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. தனித்தேர்வராக எழுதியதைக் கணக்கில் எடுப்பது பற்றி வழக்குகள் நடந்திருக்கின்றன. அதனால் பட்டத்தைத் தமிழ்வழியிலேயே படி, ஆனால் அந்த முன்னுரிமையை நம்பி மார்க் கணக்குப் போடாதே.

சட்டம்தான் உனக்குப் புதுசு. பட்டாலியனில் பாரா என்கிற காவல் நிற்பது, கவாத்து, பந்தோபஸ்து என்றே நாள் போய்விடும். எஃப்.ஐ.ஆரைக் கண்ணால் பார்க்காமலே ஐந்து வருஷம் ஓட்டிவிடலாம். பழைய கைடு புத்தகத்தை யாரும் பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதே. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்., குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. மூன்றும் நடைமுறைக்கு வந்துவிட்டன. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4), எஃப்.ஐ.ஆர். பதியும் 154 இப்போது 173.

பிரிவு எண்ணை மட்டும் உருப்போடாமல் ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு படி. பைக்கில் வந்தவன் ஒரு பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு போகிறான். பழைய சட்டத்தில் பறிப்புக்குத் தனிப் பிரிவு கிடையாது, இப்போது பி.என்.எஸ்.ஸில் 304 வந்திருக்கிறது, மூன்று வருஷம் வரை தண்டனை. ஏழு வருஷத்துக்குக் கீழே என்பதால், கைது செய்தால் ஏன் செய்தோம் என்று பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35இன்படி காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். செயினைக் கைப்பற்றும்போது அதே சட்டத்தின் பிரிவு 105இன்படி வீடியோ எடுக்க வேண்டும். இனி ஒரே ஒரு வரியை மாற்று: செயினை அறுப்பதற்காக அவளை அடித்துத் தள்ளி, கழுத்தில் காயம். அது வழிப்பறி, பி.என்.எஸ். பிரிவு 309. சாதாரணமாகவே பத்து வருஷம் வரை, காயம் உண்டாக்கினால் 309(6)இல் ஆயுள் வரை போகும். ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் ஆகிவிட்டதால் தடய அறிவியல் நிபுணர் வருவதும் சேர்ந்துகொள்கிறது. புகார் எழுதும்போது கழுத்துக் காயத்தைக் கேட்காமல் விட்டால் வழக்கே வேறாகிவிடும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகல்கள் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு இறக்கி, பிரிவை மறைத்துவிட்டு, நீயே போட்டுப் பார்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. சார்ஜ் மெமோ, அதாவது துறை கொடுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. 3(ஏ) சின்னத் தண்டனைக்கானது, 3(பி) பெரிய தண்டனைக்கானது. சின்னதுதானே என்று இருக்காதே, குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது பதவி உயர்வுப் பட்டியல் வந்தால் உன் பெயரைத் தாண்டிப் போய்விடும். லீவு முடிந்து ஒரு நாள் தாமதமானாலும் தகவல் சொல்லிப் பதிவு செய். சொல்லாமல் தொடர்ந்து 21 நாள் வராமல் இருந்தால் பணியை விட்டு ஓடியவன் என்று எழுதிவிடுவார்கள்.

வளைந்து வந்த பாதை குறை ஆகாது. வேளாண்மை படித்த சைலேந்திரபாபு 2021இல் தமிழகக் காவல்துறைக்கே தலைமை இயக்குநர் ஆனார். திருநங்கை பிரித்திகா யாஷினியின் எஸ்.ஐ. விண்ணப்பம் முதலில் தள்ளுபடியானதற்கு ஒரு காரணம், சான்றிதழில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் ஒரு பெயரும் இருந்தது. உயர்நீதிமன்றம் வரை போய் 2017இல் எஸ்.ஐ. ஆனார். உன் பத்தாவது சான்றில் இனிஷியல் முன்னால், என்.டி.சி.யில் பின்னால் இருக்கிறது. அதை இந்த மாசமே சரிபண்ணு.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். அதே பையில் அனுமதி மனுவின் மாதிரி மடித்து வைத்திருக்கிறேன், தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். சர்டிபிகேட் எதையும் லேமினேட் பண்ணிவிடாதே, பின்பக்கம் முத்திரை போட இடம் வேண்டும்.

அப்பா