அம்மாவுக்கு 13 விநாடி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் லாரன்ஸ் ரோட்டைக் கடக்கும்போது அம்மாவை ஒரு பைக் இடித்துவிட்டது. ராங் சைடில் வந்தவன், நிற்கவே இல்லை. இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. நான் ஓடிப்போனபோது அம்மா பூக்கடைக்காரியின் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பு மட்டும் நடுரோட்டில் கிடந்தது. பஸ் மேல் பஸ்ஸாக வந்துகொண்டே இருந்ததால் அதைப் போய் எடுக்கக்கூட முடியவில்லை.

பார்க்க வந்தவர்களெல்லாம் சொல்லி வைத்தாற்போல, “வயசான காலத்துல பார்த்துப் போக வேணாமா?” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடைபாதை முழுக்கக் கடைச் சாமான், அதை ஒட்டி வண்டிகள். 72 வயதுக்காரி ரோட்டில் இறங்காமல் எப்படிப் போவாள்? மனுஷன் தப்புப் பண்ணத்தான் செய்வான், அதற்காக உயிர் போகக் கூடாது, சாலையை அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997லேயே முடிவெடுத்தது. நம் நாட்டில் 2022ல் மட்டும் ரோட்டில் நடந்து போனவர்களில் 32,825 பேர் செத்திருக்கிறார்கள். அத்தனை பேருமா பார்க்காமல் போனார்கள்?

சிங்கப்பூருக்கு நாங்கள் வந்திருந்தபோது, தோ பாயோவில் உன் மாமியார் சிக்னல் கம்பத்தில் முதியோர் கார்டைத் தட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும் என்று நீ சொன்னாய். அம்மா நம்பவில்லை. மறுபடி தட்டச் சொல்லி, அந்தப் பக்கம் போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்தாள். “நமக்காக காரெல்லாம் நிக்குதுடி” என்றாள். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் அதையே சொல்கிறாள்.

நம் ஜனத்துக்கு ஒழுங்கு வராது என்பார் உன் அண்ணன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாண்டி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. அங்கே போனால் அம்மா என் கையைப் பிடிப்பதே இல்லை. அங்கே வருகிறவர்களும் நம் ஜனம்தானே?

வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப்போகிறேன். பூக்கடை எதிரில் வேகத்தடை, அப்புறம் நடக்கிறவர்களுக்கென்று ஒரு சிக்னல், இரண்டையும் கேட்டு எழுதிவிட்டேன். அந்தக் கம்பத்தைக் கிட்டத்தில் நின்று போட்டோ எடுத்து, கார்டு தட்டும் இடம் நன்றாகத் தெரிகிற மாதிரி உடனே அனுப்பு. மனுவோடு வைக்க வேண்டும். மாமியாரை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா