அனுப்பும் முன் கேட்டவருக்கு

பெயர் தெரியாத அன்பருக்கு, வணக்கம்.

நீங்கள் நன்கொடையாக அனுப்பிய ஆக்சிஜன் செறிவூட்டிகள், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரங்கள், வந்து சேர்ந்தன, ஓடிக்கொண்டும் இருக்கின்றன. சண்டை ஓயாத நாட்டில் கோவிட் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டால் வார்டுகள் எப்படி இருக்கும் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. இதைப் படிக்கிற எல்லோருக்கும் அது தெரியும். முதல் நன்றி, இயந்திரங்களைக் கப்பலேற்றும் முன் நீங்கள் அனுப்பிய ஒரு பக்கக் கேள்வித்தாளுக்கு.

என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் வருகிறது, எத்தனை ஹெர்ட்ஸ் (மின்னோட்டத்தில் நொடிக்கு எத்தனை அலை), அதைக் காலையிலும் இரவிலும் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டவர் நீங்கள்தான். 120 வோல்ட் இயந்திரத்தை 230 வோல்ட்டில் செருகினால் புகை வரும் என்பது எவருக்கும் புரியும். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கம்ப்ரசர் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுழலும். காற்றழுத்தம் குறையும், மோட்டார் சூடேறும். சில வாரங்கள் ஓடிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதற்குள் நன்கொடைப் படம் எடுத்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

நாளைக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் இருக்கும், மீதி நேரம் எந்த ஜெனரேட்டர் என்ற கேள்வியும் அதில் இருந்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் இயந்திரம் ஓடும்போது சுமார் 600 வாட்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மின்சாரம் போய்த் திரும்பும்போது வார்டில் உள்ள எல்லா இயந்திரங்களும் ஒன்றாகக் கிளம்பினால் சின்ன ஜெனரேட்டர் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதை யோசித்துத்தான் தாமதித்துக் கிளப்பும் ஸ்டெபிலைசர்களை ஒவ்வொன்றோடும் வைத்திருந்தீர்கள். பிளக்கும் இங்குள்ள சுவருக்குப் பொருந்துகிற வடிவம். கம்பியை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை இம்முறை இல்லை.

பெட்டியின் ஓரத்தில் வெளிவரும் ஆக்சிஜனின் தூய்மையை அளக்கும் கையடக்க அனலைசர் ஒன்று இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை என்பதே உண்மை. வாயு வரும் அளவைக் காட்டும் ஃப்ளோமீட்டரில் பந்து 5 லிட்டரில் அழகாக மிதக்கும். வெளியே வருவது வெறும் காற்றாகவே இருக்கலாம். உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் மணிகளுக்கு ஈரம்தான் எமன். கழுவிய ஃபில்டரை முழுக்கக் காயாமல் மாட்டினாலும், மாதக்கணக்கில் ஓட்டாமல் ஈரக் கிடங்கில் போட்டாலும் மணிகள் ஈரத்தைக் குடித்துவிடும். தூய்மை 82 சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தரக்குறிப்பு சொல்கிறது. பழைய மாடல்கள் சிலவற்றில் அந்த அலாரமே கிடையாது. அனலைசர் இல்லாத இடத்தில் நோயாளியின் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் இயந்திரத்தின் குறையைச் சொல்லும். அது மிகத் தாமதமான செய்தி.

புதிதாக நீங்கள் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. மருத்துவக் கருவி நன்கொடை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே கையேடு வெளியிட்டிருக்கிறது. மின்சாரம், உதிரிப் பாகம், பயிற்சி எல்லாம் அதில் உண்டு. அதைத் திறந்து படித்தீர்கள் என்பதே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. சுவர்க் குழாயில் உயர் அழுத்த ஆக்சிஜன் வந்தால்தான் வேலை செய்யும் வென்டிலேட்டர்களைக் குழாயே இல்லாத மருத்துவமனைகளுக்கு அனுப்பிய கதைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த அக்கறையின் எடை தெரியும்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 2020-இல் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்கையும் மருத்துவப் பணியாளர்களையும் ஏற்றிப் பறந்த உலக உணவுத் திட்டத்தின் விமானக் குழுவினர். சுங்க விலக்குக் கடிதத்தில் ஒரே நாளில் கையெழுத்திட்ட அதிகாரிகள். சோதனைச் சாவடிகளில் பொறுமையாகப் பேசிய ஓட்டுநர்கள். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக் மாற்ற இரவில் விழித்தவர்கள். நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்தளித்த கோவாக்ஸ் உலகத் திட்டத்தின் வழியாக மருந்தோடு ஊசிக்குழலையும் சேர்த்து அனுப்பியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசி வரும்போது குறைந்தது 10 வார ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், ஊசிக்குழலும் கரைப்பானும் கூடவே வர வேண்டும் என்று 2021 நவம்பரில் கோவாக்ஸும் ஆப்பிரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் மற்றவர்களும் கூட்டறிக்கை விட வேண்டிய நிலை இருந்தது. கேட்காமலே அப்படி அனுப்பியவர்களும் இருந்தார்கள். அனைவருக்கும் நன்றி.

எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கு. வெளி ஃபில்டர் வாரம் ஒருமுறை கழுவப்படும், புழுதிக் காலத்தில் இன்னும் அடிக்கடி. நன்றாகக் காய்ந்த பிறகே ஏறும். ஈரப்பதப் புட்டியின் தண்ணீர் தினமும் மாறும். இயந்திரம் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணும் அனலைசர் காட்டும் சதவீதமும் மாதாமாதம் ஒரே தாளில் எழுதப்பட்டு உங்களுக்கு வரும், எண்கள் மோசமாக இருந்தாலும் வரும். அடுத்து யார் எதைத் தருவதாகச் சொன்னாலும், உங்கள் கேள்வித்தாளை நிரப்பி முதலில் அவர்கள் கையில் கொடுப்போம்.

ஒரே ஒரு குறை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை இயந்திரத்தின் கையேட்டை அடியில் உள்ள ஃபோமுக்குக் கீழே வைக்காமல் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். இயந்திரத்தைப் படுக்கவைத்து வெளியே உருவி எடுத்த பிறகுதான் ‘படுக்கவைக்கக் கூடாது’ என்ற வரி கண்ணில் படுகிறது.

இப்படிக்கு,
கருவிப் பராமரிப்புக் குழுவினர்