செவலையை இந்த சீசனுக்கு அனுப்பவில்லை, மாமா

அன்புள்ள மாமா,

மலர்க் கண்காட்சிக்கு முன்னால் நம் குதிரை செவலையை சவாரிக்கு போட் ஹவுஸ் பக்கம் கொண்டுவந்து விடச் சொன்னீர்கள். விடப்போவதில்லை. நேரில் சொல்லாததற்கு மன்னியுங்கள். போனில் பேசினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று நம் இருவருக்கும் தெரியும். ஊட்டியில் குதிரை வைத்திருக்கும் மற்றவர்களும் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஆறின புண்ணில் முடி வருமா? அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். காயம் எப்படி வந்தது என்பதைத் தொடவில்லை. அது நம் வீட்டுப் பேச்சு.

பிடரி முடிகிற மேட்டில் இருக்கும் தழும்பில் முடி வரும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது தழும்பை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவுக் குழிகளும், விரலில் சொரசொரக்கும் கட்டை முடியும் இருக்கின்றன. வேர் சாகவில்லை. ஆனால் நிறம் கொடுக்கும் அணுக்கள் ஜீனியின் (சேணத்தின்) அழுத்தத்தில் செத்துவிட்டதால் பல முடிகள் வெள்ளையாகத்தான் வரும். அது இனி மாறாது.

முன்காலில் முட்டிக்குக் கீழே இருக்கும் தழும்பு வேறு கதை. அங்கே சதைப்பற்று இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு. புதுத்தோல் ஓரத்திலிருந்து பத்து நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதற்குள் நடுவில் சதை புடைத்து வளர்ந்துவிட்டால் தோலால் அதன்மேல் ஏற முடியாது. புடைத்த சதைக்கு நீங்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வைத்தீர்கள். ஊர் வழக்கம்தான், உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது சதையோடு சேர்த்து, ஓரத்தில் நகர்ந்து வந்த புதுத்தோலையும் எரித்தது. இப்போது நடுவில் வழவழவென்று மின்னும் இடத்தில் துளையே இல்லை. துளை இல்லாத தோலில் வேர் இல்லை. வேப்பெண்ணெயோ கந்தகக் களிம்போ எதுவும் அங்கே முடி முளைக்க வைக்காது. புண் திறந்திருந்தபோதே டாக்டர் பிடரி மயிருக்கு அடியிலிருந்து பொட்டுப் பொட்டாகத் தோல் எடுத்து நட்டிருந்தால் குஞ்சம் குஞ்சமாகவாவது வந்திருக்கும். அந்த வேளை போய்விட்டது.

போன சீசனில் ஒரு விடியற்காலை. லாயத்தில் பனி இறங்கியிருந்தது. நீங்கள் பிரவுன் பூட் பாலிஷை விரல் நுனியில் எடுத்து அந்தச் சொட்டையில் தடவினீர்கள். செவலை நெளியவே இல்லை, உங்கள் கைக்கு அப்படியே தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. குதிரையை அவ்வளவு மெல்லத் தொட நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் வராது, மாமா. அதே கையால்தான் கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தின்மேல் ஜீனியை இறுக்கினீர்கள். பாலிஷில் இருக்கும் கரைப்பான் தோலை அரிக்கும், மெழுகு அழுக்கைப் பிடித்துவைக்கும், அடியில் புண் திரும்புவதும் கண்ணில் படாது. யாருக்காக மறைத்தீர்கள்? பத்து நிமிடம் சவாரி போகிறவருக்காக!

ஸ்கூல் ஃபீஸ் எந்த மாதம் வரும் என்று எனக்கும் தெரியும். அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன்.

அந்த விரல்கள்தான் இப்போது வேண்டும். பொருக்கு இல்லை, சூடு இல்லை, தோல் முழுக்க மூடிவிட்டது. அதனால் நீவலாம். தேங்காயெண்ணெய் நாலைந்து சொட்டு போதும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் வட்டமாக நீவுங்கள். விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது, தோலே அடிச்சதையின்மேல் நகர வேண்டும். ஒட்டிப்போன தழும்பு அப்படித்தான் இளகும். எண்ணெயை அப்பினால் மண் ஒட்டும், நம் மலைப் பனியில் ஈரம் தங்கித் தோல்நோய் வந்து இருக்கிற முடியும் கொட்டும். எங்காவது பொருக்குத் தட்டினால் பிய்க்காதீர்கள், முளைத்த முடியும் கூடவே வந்துவிடும். எண்ணெயில் ஊறித் தானாக விழட்டும். காலில் ரோஸ் நிறத் தோல் வெயிலில் வெந்துபோகும். பகலில் அங்கே ஜிங்க் ஆக்சைடு க்ரீம் பூசுகிறேன்.

தீனியில் கொள்ளும் பச்சைப் புல்லும் தொடரட்டும். தவிட்டைக் குறைத்துவிட்டேன், அதில் பாஸ்பரஸ் அதிகம். ஆளிவிதையை அன்றன்றைக்கு அரைத்து 30 கிராமில் தொடங்கி மெல்ல 100 வரை ஏற்றலாம். முடிக்குத் துத்தநாகமும் தாமிரமும் வேண்டும். அதற்காக மாட்டுத்தீவனம் போட்டுவிடாதீர்கள். அதில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயத்தையே கெடுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஜீனி ஏறினால் வீண். குதிரை சுமக்கக்கூடியது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஜீனியோடு சேர்த்தே 50 கிலோதான். நீங்கள் ஏற்றிவிட்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஜீனிக்கு அடியில் போடும் மெத்தையைத் தடிமனாக்குவதும் பலிக்காது, இறுக்கம்தான் கூடும். நடுவில் ஓட்டை வெட்டினால் ஓட்டையின் விளிம்பு அழுத்தும். ஆள் உட்கார்ந்த பிறகும் மேட்டுக்கும் ஜீனிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

கோபம் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்த ஜீனியையும் கொண்டுவாருங்கள், மரச்சட்டம் எங்கே இடிக்கிறது என்று மெத்தையில்லாமல் வைத்துப் பார்க்கலாம். மழைக்காலம் முழுக்க அது லாயத்தில் இருக்கட்டும். இரண்டாம் சீசனுக்கு முன் தழும்பை இருவருமாகப் பார்த்து முடிவு செய்வோம்.

உங்கள் மருமகன்