‘ஸ்பீக்கரே தேவையில்லை’ என்று சொல்லி விற்ற பெட்டி: பணத்தைத் திருப்பித் தரவும்

அனுப்புநர்: ஆர்டரில் பதிவான வாடிக்கையாளர், ஜெலுத்தோங், பினாங்கு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விளம்பரத்துக்கு மாறான கிட்டார் லோட் பாக்ஸ்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் கிட்டாருக்கு, வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ட்யூப் ஆம்ப் வைத்திருக்கிறேன். அதில் ஸ்பீக்கருக்குப் பதிலாக இணைக்கும் லோட் பாக்ஸ் என்று உங்கள் இணையக் கடையில் போட்டிருந்த பெட்டியை 890 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ‘ட்யூப் ஆம்பை நேராக இணைக்கலாம், ஸ்பீக்கரே தேவையில்லை, நள்ளிரவிலும் சத்தமில்லாமல் ரெக்கார்டிங் செய்யலாம்’ என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வந்து சேர்ந்தது லோட் பாக்ஸே இல்லை. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்து, சிக்னலில் கொஞ்சத்தைப் பிரித்து மிக்சருக்கு அனுப்பும் வெறும் டிஐ பாக்ஸ். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ரப்பர் கால்களுக்கு நடுவே பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: ‘8 ஓம் ஸ்பீக்கரை எப்போதும் இணைத்தே பயன்படுத்தவும்.’

அது என் கண்ணில் படாமல் ஆம்பைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ட்யூப் ஆம்பின் அவுட்புட்டில் ஸ்பீக்கரோ, அதற்கு ஈடான லோடோ இருந்தே ஆகவேண்டும். இரண்டும் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, சுருளோ ட்யூப் சாக்கெட்டோ கருகிப்போகலாம். ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது பாலபாடம். அதை விற்கும் உங்களுக்குத் தெரியாதா? உண்மையான லோட் பாக்ஸ், ஆம்ப் தள்ளும் மொத்த வாட்ஸையும் வாங்கி வெப்பமாக மாற்றுகிறது. அதனால்தான் கனமாக, காற்றுத் துளைகளோடு, சிலதில் விசிறியோடும் வரும். நீங்கள் அனுப்பியது சோப்பு டப்பா கனம்கூட இல்லை.

தொலைபேசியில் கேட்டதற்கு, “ஸ்பீக்கரைப் போட்டு வால்யூமைக் குறைத்து வாசியுங்கள்” என்றார் உங்கள் ஊழியர். நான் இருப்பது அடுக்குமாடியில். கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் அடிநாதம் சிமெண்ட் தரை வழியாகவே இறங்கும், கதவைச் சாத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. கீழ் வீட்டு அக்காவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில்தான் தூங்குவார். மேல் வீட்டில் கைக்குழந்தை. நான் எப்போது வாசிப்பது? அதோடு, வால்யூமைக் குறைத்தால் பவர் ட்யூபுகள் திணறிக் கொடுக்கும் அந்தக் கரகரப்பும் போய்விடும். அதை விடக்கூடாது என்றுதானே மனிதர்கள் லோட் பாக்ஸுக்குக் காசைக் கொட்டுகிறார்கள்!

அப்புறம் இன்னொரு யோசனை சொன்னார்: கிட்டாரை நேராக, கணினிக்கு ஒலியை அனுப்பும் ஆடியோ இண்டர்ஃபேஸில் செருகி, ஆம்பைப் போலவே ஒலிக்கச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டர் மென்பொருள் போட்டு, ஹெட்போனில் கேட்டபடி பதிவு செய்யலாமாம். நல்ல யோசனைதான். பாட்டின் முதல் வரைவை நானும் அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் அதற்கு உங்கள் பெட்டி எதற்கு?

பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் தரமுடியாது, பாதித் தொகைக்குக் கூப்பன் தருகிறோம் என்று கடைசியாக வந்த மின்னஞ்சல் சொல்கிறது. பிரிக்காமல் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது? பொருள் அதன் விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, 34ஆம் பிரிவு. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவனுக்கு உள்ள விதியை என்மேல் போடாதீர்கள்.

890 ரிங்கிட்டை முழுசாக, நான் கட்டிய வங்கி அட்டைக்கே 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். பெட்டியை உங்கள் செலவில் கூரியர் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்பீக்கரே தேவையில்லை’ என்ற வரியை மட்டும் 14 நாள் காத்திராமல் இன்றைக்கே நீக்குங்கள். அதை நம்பி யாராவது ஆம்பைக் கருக்கிவிடப் போகிறார்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். அங்கே மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை.

ரசீது, ஸ்டிக்கரின் படம், உங்கள் மின்னஞ்சலின் நகல் ஆகியவை இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்