பிடுங்க மனசு வரலையா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆனித் தேர் நிலைக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. சாரல்தான் இன்னும் பிடிக்கலை. மேல்காத்து மட்டும் மண்ணை வாரி அடிக்கு.

நீ அனுப்பின பால்கனிப் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பையில கீரை முளைச்சிருக்கா, பச்சைப் பாயை விரிச்சு வச்சிருக்கியான்னே தெரியலை. எல்லா விதையும் முளைச்சிட்டு, ஒண்ணைக்கூடப் பிடுங்க மனசு வரலைன்னு சந்தோசமா வேற எழுதியிருக்கே. போன்ல சொன்னா பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா"ம்பே. அதான் பார்சலோட இந்தக் கடுதாசி.

கீரை விதை ஒரு சிட்டிகை எடுத்தாலே நூத்துக்கணக்குல இருக்கும். மணலோட கலந்துதான் தூவணும். நீ அப்படியே தூவியிருக்கே. போகட்டும், இப்போ நெருக்கமா நிக்கிறதுல சிலதைப் பிடுங்கிக் கலைச்சு விட்டாப் போச்சு.

வெயில் தாழ்ந்த பிறகு தண்ணி தெளிச்சு, கொஞ்ச நேரம் ஊற விட்டுட்டு உட்காரு. பிடுங்கப் போற செடியை மண்ணை ஒட்டிப் பிடி. இன்னொரு கையில ரெண்டு விரலால பக்கத்துச் செடியோட தூரை அமுக்கிக்கோ. இல்லாட்டா ஒண்ணை இழுத்தா நாலு கூடவே வரும். வேர் ரொம்பப் பின்னிக் கிடந்தா இழுக்கவே வேண்டாம், கத்தரிக்கோலால மண் மட்டத்துல நறுக்கிடு.

எதை எடுக்கணும்னு கேப்பே. உயரமா நிக்கிறதுதான் நல்ல செடின்னு நினைச்சிராதே. வெளிச்சத்துக்கு முட்டி மோதி நீண்டு வெளிறிப் போனது அது, தண்டுல பலம் இருக்காது. குட்டையா, தண்டு தடிச்சு நிக்கிறதை விடு. பாவம் பார்த்து எல்லாத்தையும் விட்டு வச்சா உள்ளே காத்து நுழையாது. ஈரம் தங்கி, தூர் அழுகி, காலையில பார்த்தா கொத்துக் கொத்தாச் சாஞ்சு கிடக்கும்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? கல்யாணமாகி வந்த வருசம் புறவாசல்ல முள்ளங்கி போட்டேன். ஒண்ணைக்கூடக் கலைக்கலை. இலை அப்படி ஒரு செழிப்பு, தெருவெல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டேன். நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு ஆச்சியைக் கூட்டி வச்சுப் பிடுங்கினா, எலிவால் கணக்கா ஒண்ணு, அதைச் சுத்திக்கிட்டு இன்னொண்ணு. ஆச்சி ஒரு வார்த்தை சொல்லலை. அந்த வாலையெல்லாம் கழுவி முறத்துல பரப்பி வச்சுட்டு, "சாம்பாருக்கு எதைப் போட?"ன்னு என்கிட்டயே கேட்டாக. வஞ்சிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

அதனால முள்ளங்கி போட்டா, பதினஞ்சு நாளைக்குள்ள செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர், அதாவது உன் உள்ளங்கை அகலம், இடம் விட்டிரு. பிடுங்கினதை வேற பையில நட்டு வைக்காதே, கிழங்கு கவட்டை பிரிஞ்சு கோணிப் போகும். கத்தரி, தக்காளி, மிளகாய்னா தாராளமா எடுத்து நடலாம். வெண்டைக்குக் குழிக்கு மூணு விதை போட்டு, பத்து நாள்ல நல்லதா ஒண்ணை நிறுத்து.

கீரையை ஒரே நாள்ல கலைக்கணும்னு இல்லை. இப்போ விரல் இடை விட்டு எடு. இருபது, இருபத்தஞ்சு நாள்ல இன்னொரு சுத்து வேரோட பிடுங்கு. அதுதான் முளைக்கீரை! பிடுங்காம நிக்கிறது தண்டு தடிச்சுத் தண்டங்கீரை ஆகும். பேரு ரெண்டா இருக்கேன்னு செடியும் ரெண்டுன்னு நினைச்சிருப்பே. நீ எடுக்க மனசில்லாம வச்சிருக்கிறது உன் ராத்திரிக் கறி, ஏட்டி. மண் போக மூணு தண்ணியில அலசி, சின்ன உள்ளியும் ரெண்டு வத்தலும் தாளிச்சு, தேங்காய்ப்பூ போட்டு இறக்கு. மூடி வைக்காதே, நிறம் போயிரும்.

பார்சல்ல நூல் சுத்தின பொட்டலம் சீனியவரை, மத்தது வெண்டை. நார்த்தங்காய் ஊறுகாயையும் அப்பா அதே டப்பாவுல வச்சிருக்காக. தனிக் கவர்ல கட்டச் சொன்னேன், கட்டினாகளோ என்னவோ. வந்ததும் முதல்ல விதை நனைஞ்சிருக்கான்னு பாரு.

அம்மா