ஒழுகுவது ஓடா, கூடுவாயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிற செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு, "ஓடு ஒழுகுது, பிரிச்சுட்டு ஷீட் போட்டுடலாம்" என்று ஊரிலிருந்து போன் போகிற காலம் இது. சரி என்று சொல்லுமுன் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். ஒழுகுகிற வீடுகளில் பெரும்பாலும் ஓடு கெட்டிருப்பதில்லை. கூடுவாய், அதாவது இரண்டு கூரைச் சரிவு சேரும் மூலை வாய்க்கால், கெட்டிருக்கும், இல்லையென்றால் நாலைந்து ஓடு நகர்ந்திருக்கும். கூரையை முழுவதும் மாற்ற வேண்டுமா என்பதை ஓட்டைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கூடுவாய். வளவைச் (முற்றம் உள்ள உள்வீட்டைச்) சுற்றி நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவு சேரும் மூலையில், இரண்டு கூரையின் தண்ணீரும் ஒரே தகட்டின் மேல் ஓடி இறங்க வேண்டும். அந்தத் தகட்டில் வேப்பிலையும் தூசியும் சேர்ந்து கறுப்புச் சேறாகப் படிகிறது. ஓரத்து ஓட்டை ஒன்று தூக்கிப் பார்த்தால் சேற்றுக்குள் புல்வேர் பின்னிக் கிடக்கும். மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் அந்தச் சேறு காயாது. ஈரம் தங்கும் இடத்தில் தகரம் கீழ்ப்பக்கமாகத் துருவேறி ஊசித் துளைகள் விழும். சேறு அடைத்தால் தண்ணீர் ஓரம் ஏறி ஓட்டுக்கு அடியில் புகும். மூலையில் இருக்கும் கைமரம்தான் (கூரையைத் தாங்கும் சாய்ந்த மரம்) வீட்டிலேயே முதலில் உளுக்கிறது என்றால் காரணம் இதுதான்.

தகட்டை மாற்றும்போது அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. குறைந்தது 18 அங்குல அகலம் வேண்டும். அதில் இரு பக்கமும் 6 அங்குலம் ஓட்டுக்கு அடியில் போக வேண்டும். இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் மேல்நோக்கி மடித்துவிட்டால் தண்ணீர் தாண்டாது. ஒட்டு வருமிடத்தில் மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் 6 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். ஆணி ஓரத்தில் மட்டும், தண்ணீர் ஓடும் நடுப்பகுதியில் ஒன்றுகூடக் கூடாது. செம்புத் தகடு போட முடிந்தால் நல்லது. அதற்குச் செம்பு ஆணிதான் அடிக்க வேண்டும், இரும்பு ஆணி அடித்தால் ஆணி சீக்கிரம் அரித்துப் போகும். அலுமினியம் போடுகிறவர்கள் ஈரச் சுண்ணாம்போ சிமெண்டோ அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

அடுத்து ஓடு. விரல் மடக்கித் தட்டினால் நல்ல ஓடு கணீர் என்று ஒலிக்கும். விரிசல் விட்டதும் வேகாததும் சொத்தென்று சொல்லும். மேலே செதில் செதிலாக உரிந்தால், அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த ஓட்டை ஒதுக்கிவிடலாம். சந்தேகம் இருந்தால் நன்றாகக் காய்ந்த ஓட்டை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுங்கள். இரண்டரைக் கிலோ ஓடு அரைக் கிலோவுக்கு மேல் குடித்திருந்தால் அது மழை தாங்காது. சீமை ஓடு (மங்களூர் அச்சு ஓடு) 100 சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்து 150 வேண்டும். ஒவ்வொன்றும் அரைக் கிலோ குடித்தால் அந்த இடத்தில் மட்டும் 75 கிலோ கூடுதல் பாரம் மரத்தின் மேல் ஏறுகிறது. 1865இல் மங்களூர் ஜெப்புவில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு பரவியவை இந்த அச்சு ஓடுகள். அந்தக் காலத்து முத்திரை உள்ள ஓடு இன்னமும் கணீர் என்று ஒலித்தால், பழசு என்பதற்காகத் தூக்கிப்போட ஒரு நியாயமும் இல்லை.

வளைவான நாட்டு ஓட்டில் அளவுதான் தகராறு. ஓடு சுடும் ஒவ்வொரு காளவாசலுக்கும் ஓர் அளவு, ஒரு வளைவு. மல்லாக்க வைத்த ஓட்டின் மேல் வேறு வளைவுள்ள ஓட்டைக் கவிழ்த்தால் இடுக்கு விழும், சாரல் அதில் புகும். அதனால் புதிதாக வாங்கியதைப் பழசோடு கலக்காமல் ஒரே சரிவில் சேர்த்துப் போட்டு, அங்கிருந்து எடுத்த நல்ல ஓடுகளை மற்றச் சரிவுகளுக்குக் கொடுப்பதே முறை. காரைக்குடியில் வீடு பிரித்த மரமும் ஓடும் விற்கிற கடைகளில் தேடினால் அளவு ஒத்துவருவது கிடைக்கும். தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை மாற்றுகிறார்கள். தண்ணீர், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்திலும் கைமரத்திலும் பல அடி ஓடி வந்துதான் சொட்டுகிறது. கறையைப் பிடித்துக்கொண்டு கூரை உச்சியான முகட்டை நோக்கி மேலே போய்த் தேட வேண்டும்.

இப்போது மரம். திருப்புளியை (ஸ்க்ரூடிரைவர்) எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள்: கைமரத்தின் அடி சுவரில் உட்காரும் இடம், முகட்டில் சேரும் இடம், கூடுவாய் மூலை. நல்ல தேக்கில் முனை ஏறாது. அரை அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. கைமரத்தின் இரு முனைக்கும் நூல் பிடித்தால் நடுவில் தொய்வு தெரியும். 10 அடிக் கைமரம் ஓர் அங்குலத்துக்கு மேல் தொய்ந்து, அடுத்த ஆண்டு அளக்கும்போது இன்னும் கூடியிருந்தால் விடக்கூடாது. அடி மட்டும் உளுத்திருந்தால் மரத்தையே மாற்ற வேண்டாம். கெட்ட பாகத்தை அறுத்துவிட்டு, பக்கத்தில் துணைக்கட்டை சேர்த்துப் போல்ட் முடுக்கினால் போதும். ஒரே சரிவில் மூன்றில் ஒரு பங்கு கைமரம் இந்த நிலையில் இருந்தால்தான் அந்தச் சரிவை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. அப்போதும் அந்தச் சரிவு மட்டுமே, வீடு முழுவதும் அல்ல.

பிரித்து அடுக்கும்போது ரீப்பருக்கு ரீப்பர் சீமை ஓட்டுக்குச் சுமார் பன்னிரண்டரை அங்குலம் வரும். ஆனால் டேப்பை நம்பாமல் கையில் இருக்கிற ஓட்டையே வைத்துப் பார்த்து அடிக்க வேண்டும். 10 அடி கிடை நீளத்துக்கு 5 அடி ஏற்றம் இருக்கட்டும். வாட்டம் குறைந்தால் காற்றோடு வருகிற மழை மேல்நோக்கி ஏறும். கிழக்கு மேற்காக ஓடும் முகட்டில், முகட்டோட்டை மேற்கு முனையிலிருந்து ஆரம்பித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வாருங்கள். அப்படிச் செய்தால் ஒட்டுவாய் மேற்கே பார்த்திருக்கும், வடகிழக்குச் சாரல் அதில் நுழையாது. முகட்டுக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. வெறும் சிமெண்ட் வெயிலில் ஓடு விரிந்து சுருங்குவதற்கு ஈடுகொடுக்காமல் மயிர்க்கோடு விடும்.

சிமெண்டின் கேடு மச்சில், அதாவது தட்டையான மொட்டைமாடிக் கூரையில், இன்னும் அதிகம். தேக்குக் கட்டைமேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் ஒட்டு ஒழுகினால், மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் கொட்டிவிடுகிறார்கள். 100 சதுர அடிக்கு அது ஒரு டன்னுக்கு மேல் பாரம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கட்டைக்கு இறங்கும். கட்டை சுவருக்குள் இருக்கும் முனையில் உளுக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு நாள் செங்கல் துண்டு தரையில் விழும்போதுதான் தெரியவரும். கட்டைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அன்றே கீழே முட்டுக் கொடுத்து, ஆள் புழங்குவதை நிறுத்த வேண்டும்.

கட்டை நன்றாக இருந்தால், மேலே உள்ள பழைய தட்டோட்டையும் (தட்டையான தள ஓடு) இற்ற காரையையும் மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம்) போடலாம். 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, 3 அங்குலக் கனம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, அடிக்கும் மரக்கட்டை துள்ளித் திரும்பும் வரை அடிக்க வேண்டும். 10 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு தட்டோடு. 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம், 400 சதுர அடிக்குத் தண்ணீர் வடிய ஒரு நான்கங்குலத் தூம்பு. அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேர் காரையையும் சேர்த்துப் பெயர்க்கும். அறுத்து, வேர் போன வழியைத் தோண்டி எடுத்து, சுண்ணாம்புக் குழம்பு ஊற்றி அடையுங்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். அவரவர் அறைக்கு மேல் உள்ள ஓட்டை அவரவர் பார்க்கிறார்கள். கூடுவாய் பொது என்பதால் அதை யாரும் தொடுவதில்லை. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் இவை. பங்காளிகள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைக் கூரைக்கென்று தனியாக ஒதுக்கி, ஆவணியில் ஒரு முறையாவது நாலு கூடுவாயையும் வழித்து, உடைந்த ஓட்டை மாற்றச் செய்ய வேண்டுகிறோம். ஏறுகிறவர் ஓட்டின் நடுவில் மிதிக்காமல், பலகை போட்டு அதன்மேல் நடக்கட்டும். மாற்றிப் போட 100 ஓடாவது வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அடுக்கி வையுங்கள். சாவி வைத்திருப்பவர் ஐப்பசி முதல் மழை விட்டதும் உள்ளே போய், சொட்டிய இடங்களில் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். பங்குனியில் வேலைக்கு வருகிற கொத்தனாருக்கு அந்தப் போட்டோ போதும், எங்கே பிரிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஓட்டு வீட்டு வேலை தெரிந்த வாசகர்கள்,
காரைக்குடி.